அவர் பாடாத பாட்டை அவராகப் பாடுவது எப்படி?

நிஜத்தில் வாழ்ந்த ஒருவரை, அல்லது இன்னும் வாழ்ந்துகொண்டிருக்கிற ஒருவரை, மியூசிக்கலில், அதாவது பாட்டுகளாலேயே கதை சொல்லும் மேடை நாடகத்தில், நடிக்க வேண்டி வந்தால் மேடை நடிகர்கள் எப்படித் தயாராகிறார்கள்? அந்த மனிதரை அப்படியே காப்பியடிப்பார்களா? அவரே அரங்கில் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வார்கள்? இதுதான் கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். சினிமாவில் ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றை எடுப்பதும் மேடையில் மியூசிக்கலாகப் போடுவதும் ஒன்றல்ல. சினிமாவில் கேமரா முகத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. மேக்கப், மூக்கு, பல்வரிசை, உதட்டுச் சுழிப்பு எல்லாம் கணக்கில் வரும். அரங்கில் இருபதாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு உதடு தெரியாது. உடம்பு நிற்கிற விதமும் குரலும்தான் அவரிடம் போய்ச் சேரும். அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அந்த நிஜ மனிதர் தன் வாழ்க்கையில் அந்தப் பாட்டைப் பாடவே இல்லை. ஒரு மேயரோ, விமானியோ, கொலைக் குற்றம் சாட்டப்பட்ட தொழிற்சாலை மேலாளரோ மனசில் இருந்ததை ஆர்க்கெஸ்ட்ராவோடு எழுந்து நின்று பாடியதில்லை. பேச்சைக் காப்பியடிக்கலாம், நடையைக் காப்பியடிக்கலாம். பாட்டு தொடங்குகிற நொடியில் மிமிக்ரி கையை விரித்துவிடும்.

அதற்கப்புறம் நடிகருக்குக் கை கொடுப்பது ஒரே கேள்விதான். வெறும் பேச்சு போதாமல் பாட வேண்டிய அளவுக்கு இந்த மனிதருக்கு இந்த இடத்தில் என்ன வேண்டியிருக்கிறது, யாரிடமிருந்து வேண்டியிருக்கிறது? ஆவணப்படம் பார்ப்பது, கடிதம் படிப்பது, பழைய ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்பது எல்லாமே இந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான். அந்தப் பதில் கிடைக்காமல் சாயல் மட்டும் கிடைத்தால், முதல் ஐந்து நிமிடம் "அட, அப்படியே இருக்கிறாரே" என்று பார்ப்பவர்கள் வியப்பார்கள். ஆறாவது நிமிடத்தில் மேடையில் வேறு ஒன்றும் நடக்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

சரி, வேலை எங்கே தொடங்குகிறது? பார்க்க வருகிறவர்கள் அந்த மனிதரைப் பற்றி எதை மனசில் வைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று யோசிப்பதில்தான். நியூயார்க் மேயராக 1934 முதல் 1945 வரை இருந்த ஃபியோரெல்லோ லகார்டியாவைப் பற்றிய மியூசிக்கல் 1959இல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் உள்ள பிராட்வேயில் வந்தது. லகார்டியா இறந்து அப்போது பன்னிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. 1945இல் பத்திரிகை விநியோகம் வேலைநிறுத்தத்தால் நின்றபோது, குழந்தைகளுக்காக வானொலியில் படக்கதைகளை வாசித்துக் காட்டியவர் அவர். அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்களே டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தார்கள். டாம் பாஸ்லி அந்த வேடத்துக்கு, பிராட்வே நாடகங்களுக்கான பெரிய விருதான டோனி வாங்கினார். அந்த மாதிரி சபைக்கு முன்னால் சில அடையாளங்களைக் கொடுக்காமல் தப்ப முடியாது. அவற்றைச் சீக்கிரமாகக் கொடுத்துவிட வேண்டும். உடல்வாகு, பேச்சின் வேகம், கையின் ஓர் அசைவு என்று முதல் காட்சியிலேயே காட்டிவிட்டால், "ஆமாம், அவர்தான்" என்று சபை ஒத்துக்கொள்ளும். பிறகு நடிகர் தன் வேலையைப் பார்க்கலாம்.

பாடகர்களைப் பற்றிய மியூசிக்கல்களில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே நிஜ மனிதர் அந்தப் பாட்டுகளைப் பாடியிருக்கிறார், அதுவும் உலகத்துக்கே தெரிந்த குரலில். அமெரிக்கப் பாடகியும் பாடலாசிரியருமான கரோல் கிங் வாழ்க்கையைச் சொல்லும் மியூசிக்கல் 2014 ஜனவரியில் பிராட்வேக்கு வந்தது. ஜெஸ்ஸி மியூலர் அதில் நடித்து டோனி வாங்கினார். கதை பதினாறு வயதுப் பெண்ணிடம் தொடங்கி, 1971இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற கச்சேரி அரங்கமான கார்னகி ஹாலில் அவர் கச்சேரி செய்வது வரை போகிறது. சபைக்குத் தெரிந்த கரோல் கிங்கின் குரல் அந்த 1971ஆம் வருடத்துக் குரல். ஆனால் கதையின் பெரும்பகுதியில் அவர் மற்றவர்கள் பாடுவதற்காகப் பாட்டு எழுதிக் கொடுக்கிறவர், தன் குரலை மேடைக்கு உரியதாக நினைக்காதவர். அந்தத் தெரிந்த குரலை நடிகை முதல் காட்சியிலேயே கொட்டிவிட்டால் கதையே போச்சு. எல்லோரும் கேட்க வந்த ஒலியை இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் கைக்குள் வைத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். ஒரு குரல் தன்னை நம்பத் தொடங்குவதைக் காட்டுவதுதான் அங்கே நடிப்பு. கரோல் கிங் தன் வாழ்க்கையின் வலிகளை மேடையில் பார்க்கத் தயங்கி முதலில் ஒதுங்கியே இருந்தார். 2014 ஏப்ரலில் மாறுவேடத்தில் வந்து பார்த்துவிட்டுக் கடைசியில் மேடையேறினார்.

ராக் பாடகி டீனா டர்னர் மாதிரிக் குரலென்றால் உடம்பே ஒரு பெரிய கேள்வி. கரகரப்பு அந்தக் குரலின் உயிர். அதைத் தொண்டையை நெருக்கிக் கொண்டுவந்தால் ஒரு வாரத்தில் குரல் போய்விடும். பிராட்வேயில் வாரத்துக்கு எட்டுக் காட்சிகள். அதனால் குரல் பயிற்சியாளரோடு உட்கார்ந்து, குரல்நாண்களை உரசாமல் அவற்றுக்கு மேலே உள்ள பகுதியிலிருந்து கரகரப்பைக் கொண்டுவரப் பழகுவார்கள். எல்லா வரியிலும் போட மாட்டார்கள். ஒரு சொல்லின் தொடக்கத்தில், ஒரு வரியின் முடிவில் என்று இடம் குறித்துக்கொள்வார்கள். மூன்று இடத்தில் கேட்ட கரகரப்பை மீதி இடங்களில் காதே நிரப்பிக்கொள்ளும். லண்டனில் 2018லும் பிராட்வேயில் 2019லும் அந்த வேடத்தைத் தொடங்கிவைத்தவர் ஏட்ரியன் வாரன். மேடையை விட்டுக் கிட்டத்தட்ட இறங்காமல் பாடி ஆட வேண்டிய வேடம் என்பதால், வாரத்தில் சில காட்சிகளை இன்னொரு நடிகை செய்வது என்று ஏற்பாடு இருந்தது. இதை யாரும் குறையாக நினைப்பதில்லை. இப்படிப்பட்ட வேடங்களில் அது தயாரிப்பின் ஒரு பகுதி.

ஆட்ரா மெக்டொனால்ட் ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயாக 2014இல் நடித்ததை இங்கே சொல்லியாக வேண்டும். கண்டிப்பாகச் சொன்னால் அது மியூசிக்கல் அல்ல, பாட்டுகள் நிறைந்த நாடகம். ஆட்ரா நியூயார்க்கின் ஜூலியர்ட் கலைப்பள்ளியில் பயின்ற சொப்ரானோ, அதாவது உச்ச சுரங்களில் பாடும் பெண் குரல். பரந்து விரியும் குரல். பில்லி ஹாலிடேயின் குரல் சின்னது, கடைசிக் காலத்தில் உடைந்தும் போனது. நாடகம் நடப்பது 1959இல், அவர் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்னால். இந்த இடைவெளியைத் தாண்ட ஆட்ராவுக்கு உதவியது தன் சொந்தப் பாட்டி பேசுகிற குரல். அதில் பில்லியின் பேச்சுச் சாயல் இருந்ததாக அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எனக்கு இது ரொம்ப முக்கியமாகப் படுகிறது. அவர் பாட்டிலிருந்து தொடங்கவில்லை, பேச்சிலிருந்து தொடங்கினார். அந்தப் பேச்சும் அவருக்கு வெளியே எங்கோ ஆவணக் காப்பகத்தில் இருந்த ஒன்றல்ல, அவருடைய காதில் ஏற்கெனவே இருந்தது. சாயல் அவருக்குள்ளிருந்தே வந்ததால்தான் அது ஒட்டவைத்த மாதிரித் தெரியவில்லை. அவருக்கு அது ஆறாவது டோனி.

ஆவணங்களை எப்படிப் பார்ப்பது என்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ஒலிப்பதிவோ வீடியோவோ கிடைத்தால் அனுபவம் உள்ளவர்கள் முதலில் குரலின் நிறத்தைக் கவனிக்க மாட்டார்கள். மூச்சைக் கவனிப்பார்கள். இந்த மனிதர் வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்குகிறாரா, முடித்துவிட்டு வாங்குகிறாரா? இடையில் யாரும் குறுக்கிட்டுவிடக் கூடாது என்று பயந்து பேசுகிறவர் நடுவில்தான் மூச்சு வாங்குவார், வாக்கியம் முடிகிற இடத்தில் நிற்கவே மாட்டார். தன்னைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்ற நம்பிக்கை உள்ளவர் முடித்துவிட்டுச் சாவகாசமாக வாங்குவார். இது தெரிந்துவிட்டால் பாட்டில் எங்கே மூச்சு வாங்குவது என்பதும் தெரிந்துவிடும். இசையமைப்பாளர் எழுதிய சுரத்தை மாற்ற முடியாது, தாளத்தை மாற்ற முடியாது. ஆனால் மூச்சு வாங்கும் இடத்தையும் ஒரு சொல்லை அழுத்துகிற விதத்தையும் நடிகர் அந்த நிஜ மனிதரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருக்கிற சந்து அதுதான். கை எங்கே இருக்கிறது, யாரைப் பார்த்துப் பேசும்போது முகவாய் உயர்கிறது என்பதெல்லாம் அடுத்துதான்.

கிறிஸ்டின் எபர்சோல் 'கிரே கார்டன்ஸ்' மியூசிக்கலில் செய்தது இதற்கு அழகான உதாரணம். அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மனைவி ஜாக்குலினின் அத்தையும் அத்தை மகளும் ஈஸ்ட் ஹாம்ப்டனில் இடிந்து விழுகிற பங்களா ஒன்றில் பூனைகளோடு வாழ்ந்ததை மேசல்ஸ் சகோதரர்கள் 1975இல் ஆவணப்படமாக்கினார்கள். 2006இல் பிராட்வேக்கு வந்த மியூசிக்கலின் முதல் பாதி 1941இல் நடக்கிறது, இரண்டாம் பாதி 1973இல். எபர்சோல் முதல் பாதியில் தாயாக வருவார், இரண்டாம் பாதியில் மகளாக வருவார். மகள் ஈடி படத்தில் இருக்கிறார். அவர் இழுத்துப் பேசுகிற விதம், ஸ்கர்ட்டைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டு தன் உடையைப் பற்றிக் கேமராவிடம் விளக்குவது எல்லாம் ரசிகர்களுக்கு மனப்பாடம். அந்த உடை விளக்கம் அப்படியே இரண்டாம் பாதியின் முதல் பாட்டாகிவிட்டது. வசனம் நிஜ மனிதருடையது, சுரம் மட்டும் புதிது. ஆனால் 1941ஆம் ஆண்டுத் தாயைப் பார்க்க எந்தப் படமும் இல்லை. சபை அந்தத் தாயை முதலில் பார்க்கிறது, பிறகு அதே உடம்பில் மகளைப் பார்க்கிறது. தாயின் எந்தக் குணம் மகளிடம் இறங்கியது என்பதை நடிகை தன் தோள்களிலும் குரலிலும் காட்ட வேண்டியிருந்தது. ஆவணம் உள்ள பாதியைக் கொண்டு ஆவணம் இல்லாத பாதியை நிரப்புவது என்று இதைச் சொல்லலாம். இதற்கும் டோனி கிடைத்தது.

அர்ஜென்டினா ஜனாதிபதியின் மனைவி எவா பெரோன் விஷயத்தில் நேர் எதிர். அவருடைய உரைகள் பதிவாகி இருக்கின்றன, மாளிகை பால்கனியிலிருந்து கையை உயர்த்திக் கூட்டத்தைப் பார்க்கும் படங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவரைப் பற்றிய 'எவீட்டா' மியூசிக்கலில் அவர் பாடுகிற இசை அவருடைய பேச்சுக் குரலுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத உயரத்தில் ஓடுகிறது. லண்டனில் 1978இல் எலைன் பேஜ், பிராட்வேயில் 1979இல் பேட்டி லுபோன். பிராட்வேயில் பகல் காட்சிகளுக்கு வேறு நடிகை. அங்கே நடிகை எவாவிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியது உடலும் நோக்கமும்தான். குரல் இசையமைப்பாளருக்குச் சொந்தம்.

அடுத்தது எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றுவது. நிஜ மனிதரின் கதை என்றால் முடிவு முன்கூட்டியே தெரியும். அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான ஹாமில்டனைச் சுடப்போவது அவருடைய அரசியல் எதிரி ஏரன் பர்தான் என்பதை 'ஹாமில்டன்' மியூசிக்கலின் முதல் பாட்டிலேயே பர் சொல்லிவிடுகிறார். எவா 33 வயதில் இறப்பார் என்பது சபைக்குத் தெரியும். நடிகருக்கும் தெரியும். பாத்திரத்துக்குத் தெரியாது. பலவீனமான நடிப்பு தொடக்கத்திலிருந்தே சோகத்தின் சாயம் பூசிக்கொண்டு வரும், சரித்திரப் புருஷர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். தான் சரித்திரத்தில் இடம்பெறப் போகிறோம் என்று அந்தந்த நாளில் எழுந்து பல்தேய்த்த மனிதருக்கு என்ன தெரியும்? லெஸ்லி ஓடம் ஜூனியர் நடித்த பர் நமக்குப் பிடித்துப்போவதற்குக் காரணம், கொலைகாரனாகப் போகிறவன் என்ற நினைப்பில்லாமல், தன் முறைக்காகக் காத்திருந்து காத்திருந்து பொறுமை இழக்கிற ஒருவராக அவர் அந்தந்த நொடியில் நிற்பதுதான்.

கொலைகாரர்களையே நாயகர்களாக வைத்த 'அசாசின்ஸ்' மியூசிக்கலில் இது இன்னும் கடினம். அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை 1881 ஜூலையில் சுட்ட சார்லஸ் கிட்டோ, பாரிஸில் தனக்குத் தூதரகப் பதவி கிடைக்கும் என்று நம்பி அலைந்தவர். 1882 ஜூன் 30 அன்று தூக்குமேடையில், தான் ஆண்டவனிடம் போகிறேன் என்று தானே எழுதிய கவிதையை வாசித்துவிட்டுத்தான் இறந்தார். அந்த மியூசிக்கலுக்கு இசையும் பாட்டும் எழுதிய சோண்டைம் அந்த வரிகளை எடுத்துப் பாட்டுக்குள் வைத்திருக்கிறார். நிஜ மனிதர் உண்மையிலேயே கிட்டத்தட்ட பாடியே விட்ட அபூர்வமான சந்தர்ப்பம் அது. இவரைப் பைத்தியமாக நடித்துவிடுவது சுலபம். கிட்டோவின் கணக்கில் அவர் பைத்தியமல்ல. அவருக்கு எல்லாமே நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த உற்சாகத்தை நடிகர் முழு மனசோடு நம்பினால்தான் தூக்குமேடைப் படிகளில் அவர் ஆடி ஏறும்போது நமக்கு வயிறு கலங்கும்.

ஆனால் நடிகருக்கு விதிக்கப்பட்ட மிகக் கொடுமையான வேலை 'பரேட்' என்ற மியூசிக்கலில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அட்லாண்டாவில் பென்சில் தொழிற்சாலை மேலாளராக இருந்த லியோ ஃபிராங்க், அங்கே வேலை செய்த 13 வயது மேரி ஃபேகனை 1913இல் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார். புரூக்ளினில் வளர்ந்த யூதர் அவர். விசாரணையே பகையோடு நடந்தது. ஆளுநர் தூக்குத் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்த பிறகு, 1915 ஆகஸ்டில் ஒரு கும்பல் அவரைச் சிறையிலிருந்து கடத்திக்கொண்டு போய் மரத்தில் தூக்கிலிட்டது. மியூசிக்கலின் நீதிமன்றக் காட்சியில், தொழிற்சாலைப் பெண்கள் வரிசையாக வந்து லியோ தங்களிடம் எப்படி நடந்துகொண்டார் என்று பொய்ச்சாட்சி சொல்வார்கள். அப்போது அதே நடிகர் எழுந்து, அவர்கள் சொல்கிற லியோவாக மாற வேண்டும். அதுவரை கூச்சமும் விறைப்புமாக இருந்தவர், பல்லைக் காட்டிக்கொண்டு பெண்களை அறைக்கு அழைக்கிற குதூகலமான காமுகனாகப் பாடுவார், ஆடுவார். ஒரு நிஜ மனிதர்மேல் சுமத்தப்பட்ட அவதூறை, அவராக நடிக்கிறவரே தன் உடம்பில் நடித்துக் காட்ட வேண்டும். அதுவும் கவர்ச்சியாக. சபையும் ஒரு நிமிடம் அதை நம்புகிற அளவுக்கு.

இதை எப்படிச் செய்வது? பொய்யான லியோவை நடிகர் அரைமனதோடு, "இது நான் இல்லை" என்கிற சைகையோடு செய்தால் காட்சி விழுந்துவிடும். அட்லாண்டாவின் கண்ணில் தெரிந்த மனிதரை முழுமையாகக் காட்டிவிட்டு, அடுத்த கணம் நாற்காலியில் திரும்ப உட்கார்ந்து, தான் பேச வேண்டிய முறை வரும்போது மனசிலிருப்பதைச் சொல்லத் தெரியாமல் தடுமாறுகிற அந்த நிஜமான விறைப்புக்கு வர வேண்டும். உண்மையில் லியோ ஃபிராங்க் நீதிமன்றத்தில் மணிக்கணக்காக வாக்குமூலம் கொடுத்தார். மேடையில் அது ஒரு சின்னப் பாட்டு. அவ்வளவு பெரிய பேச்சைப் படித்துவிட்டு நடிகர் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தகவலை அல்ல. உணர்ச்சியைக் காட்டத் தெரியாத ஒருவர் உயிருக்காகப் பேசும்போது எதைப் பிடித்துக்கொள்கிறார் என்பதைத்தான்.

2023இல் பிராட்வேயில் அதை மறுபடி போட்டபோது பென் பிளாட் லியோவாகவும் மிக்கேலா டயமண்ட் மனைவி லூசிலாகவும் நடித்தார்கள். முதல் முன்னோட்டக் காட்சியன்று நவநாஜிக் கும்பல் ஒன்று அரங்கத்துக்கு வெளியே நின்று கோஷம் போட்டது. லியோ ஃபிராங்க்மேல் இன்னும் வெறுப்பு தீராத ஆட்கள் இருக்கிறார்கள் என்பது நடிகர்களுக்கு அன்று வாசலிலேயே தெரிந்தது. அந்தத் தயாரிப்பில் இரண்டு விஷயம் எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு பாத்திரமும் வரும்போது அந்த நிஜ மனிதரின் பழைய புகைப்படம் பின்னால் திரையில் விழும். முகச்சாயல் என்ற வேலையைப் புகைப்படம் எடுத்துக்கொண்டது, நடிகர் அதிலிருந்து விடுதலையானார். இன்னொன்று, இடைவேளையில் பென் பிளாட் உள்ளே போகாமல், சிறையில் இருக்கிற லியோவாக மேடையிலேயே உட்கார்ந்திருந்தார். சபை எழுந்து போய்க் காபி வாங்கிக்கொண்டு வந்தது. அவர் அங்கேயே இருந்தார். தயாரிப்பு என்பது பாட்டுக்கு மட்டும் அல்ல என்று அதைப் பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்கும்.

ஸ்க்ரிப்ட் ஒன்று சொல்கிறது, சரித்திரம் வேறு சொல்கிறது என்றால்? இது அடிக்கடி வரும். 'ஹாமில்டன்' மியூசிக்கலில் ஆஞ்சலிகா ஸ்கைலர் ஹாமில்டன்மேல் வைத்த காதலைத் தங்கை எலைசாவுக்கு விட்டுக்கொடுக்கிறார், வீட்டில் ஆண்பிள்ளை இல்லாததால் பணக்காரரை மணக்க வேண்டியவள் என்கிறார். உண்மையில் ஸ்கைலர் குடும்பத்தில் மகன்கள் இருந்தார்கள். ஹாமில்டன் எலைசாவைக் காதலிப்பதற்கு முன்பே, 1777லேயே, ஆஞ்சலிகா வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டார். நடிகை இதைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஆனால் மேடையில் ஸ்க்ரிப்டைத் திருத்த முயலக் கூடாது. பாட்டு எழுதப்பட்டிருப்பது விட்டுக்கொடுக்கிற பெண்ணுக்காக. அதே சமயம் அப்பாவை மீறி ஓடிப்போகிற துணிச்சல் உள்ள பெண் என்பது தெரிந்துவிட்டால் அந்த விட்டுக்கொடுப்பின் கனம் கூடும். அடங்கிப்போகிறவள் விட்டுக்கொடுப்பது வேறு, எதையும் எடுத்துக்கொள்ளத் தெரிந்தவள் விட்டுக்கொடுப்பது வேறு. சரித்திரம் இப்படிக் குறுக்கு வழியில்தான் உதவும்.

குடும்பத்தார் வருத்தப்பட்டதும் உண்டு. 'சவுண்ட் ஆஃப் மியூசிக்'கில் விசில் ஊதிப் பிள்ளைகளை அணிவகுக்க வைக்கிற கண்டிப்பான கேப்டன் வான் டிராப், நிஜத்தில் மென்மையானவர் என்பதை அந்தக் குடும்பம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. கதைக்கு அந்தக் கண்டிப்பு தேவைப்பட்டது. கேப்டனாக நடிக்கிறவர் இந்த வருத்தத்தைத் தெரிந்துவைத்திருந்தால், அந்த மென்மை முதலிலிருந்தே உள்ளே எங்கோ இருப்பதாக நடிக்கலாம். மனைவியை இழந்த பிறகு பூட்டப்பட்ட மென்மை. ஸ்க்ரிப்டும் கெடாது, மனிதருக்கும் அநியாயம் குறையும்.

இப்போது உயிரோடு இருப்பவர்கள். 'கம் ஃப்ரம் அவே' இதற்கென்றே பிறந்த மியூசிக்கல். 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க வான்வெளி மூடப்பட்டபோது 38 பயணிகள் விமானங்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் காண்டர் என்ற சின்ன ஊரில் இறக்கப்பட்டன. ஏறக்குறைய ஏழாயிரம் பேர் வந்து இறங்கினார்கள். ஊர்க்காரர்கள் அவர்களுக்குச் சோறு போட்டு, படுக்க இடம் கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஐரீன் சங்காஃப், டேவிட் ஹைன் தம்பதி பத்தாவது வருட நினைவு நாளுக்கு அங்கே போய் மனிதர்களோடு பேசிப் பேசி எழுதியது இது. 12 நடிகர்கள், ஒரு தொப்பியை மாட்டினால் ஊர்க்காரர், ஒரு கோட்டை மாட்டினால் பயணி. சில பாத்திரங்களில் பலருடைய அனுபவம் கலந்திருக்கிறது. சிலர் பெயரோடு அப்படியே வருகிறார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸின் முதல் பெண் கேப்டனான பெவர்லி பாஸ் அப்படி வருகிறவர். பாரிஸிலிருந்து டல்லஸுக்கு விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர் காண்டரில் இறங்கினார். ஜென் கொலெல்லா அவராக நடித்தார். பெவர்லி பாஸ் அந்த மியூசிக்கலை எத்தனையோ தடவை போய்ப் பார்த்தார், இருவரும் நெருக்கமானார்கள்.

பிராட்வேக்குப் போவதற்கு முன்னால், 2016 அக்டோபரில், நடிகர்கள் காண்டருக்கே போய் அங்குள்ள ஹாக்கி அரங்கத்தில் கச்சேரி வடிவில் பாடினார்கள். யாரைப் பற்றிப் பாடுகிறார்களோ அவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நடிகருக்கு இதைவிடப் பெரிய பரீட்சை இருக்க முடியாது. விமர்சகர் எழுதுவதைத் தாங்கிக்கொள்ளலாம். "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று சம்பந்தப்பட்டவரே சொன்னால் எங்கே போவது?

உயிரோடு இருப்பவரைச் சந்திக்கிற வாய்ப்புக் கிடைத்தால் என்ன கேட்பது என்பதில் நிறையப் பேர் தவறுகிறார்கள். "அந்த நேரத்தில் உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்பார்கள். இப்படிக் கேட்டால், அவர் இருபது வருடமாக எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மெருகேறிய பதில்தான் வரும். பேட்டிகளில் ஏற்கெனவே இருக்கிற பதில். அதற்குப் பதிலாக, அப்போது கையில் என்ன வைத்திருந்தீர்கள், உட்கார்ந்திருந்தீர்களா நின்றிருந்தீர்களா, பக்கத்தில் யார், அவரைப் பார்த்தீர்களா பார்க்காமல் இருந்தீர்களா, அடுத்துச் செய்த முதல் வேலை என்ன என்று கேட்டால், அவர் ஒரு நிமிடம் யோசிப்பார். அந்த யோசனைக்குப் பிறகு வருவது யாரிடமும் சொல்லாத விஷயமாக இருக்கும். அவர் சொல்லும்போது கை தானாக அந்தப் பொருளைப் பிடிக்கிற மாதிரி மடங்கும். நடிகருக்கு வேண்டியது அதுதான். உணர்ச்சியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து மேடையில் நடிக்க முடியாது. ஒரு செயலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தால் ஒவ்வொரு ராத்திரியும் செய்ய முடியும், உணர்ச்சி பின்னாலேயே வந்துவிடும்.

சிலர் வேண்டுமென்றே சந்திப்பைத் தள்ளிப்போடுவார்கள், ஒத்திகையில் பாத்திரம் கொஞ்சம் காலூன்றின பிறகு பார்க்கலாம் என்று. அதிலும் நியாயம் இருக்கிறது. எதிரில் இருப்பவரைப் பிடித்துப்போய்விட்டால் அவருடைய கோபத்தையும் அற்பத்தனத்தையும் நடிக்க மனசு வராது. நிஜ மனிதரை நல்லவராக மட்டும் காட்டுவது அவருக்குச் செய்கிற மரியாதை என்று எனக்குத் தோன்றவில்லை. பொம்மைக்குத்தான் கெட்ட குணம் இருக்காது.

யாருக்குமே தெரியாத நிஜ மனிதர்கள் ஒரு தனி ரகம். 1943இல் பிரிட்டிஷ் உளவுத்துறை ஒரு பிணத்துக்கு அதிகாரி வேடம் போட்டுப் பொய்யான ஆவணங்களோடு ஸ்பெயின் கரையில் ஒதுங்கவிட்டது. 'ஆபரேஷன் மின்ஸ்மீட்' அதைப் பற்றிய நகைச்சுவை மியூசிக்கல். அந்தப் பிணத்தின் பையில் வைப்பதற்காகப் பொய்க் காதல் கடிதம் எழுதியவர் ஹெஸ்டர் லெக்கட் என்ற அலுவலகப் பெண்மணி. சரித்திரத்தில் அவரைப் பற்றி ஒன்றிரண்டு வரிதான் இருந்தது. அவராக நடித்தவர் ஜாக் மலோன் என்ற ஆண் நடிகர். ஆண் பெண் வேடம் போட்டால் வழக்கமாக வருகிற கேலி எதுவும் அதில் கிடையாது. அந்தக் கடிதத்தை அவர் பாட்டாகச் சொல்லிக்கொண்டு போகும்போது, அது பொய்க் கடிதம் அல்ல, எப்போதோ யாருக்கோ உண்மையில் எழுத வேண்டியிருந்தது என்று மெதுவாகப் புரியும். ஆவணம் இல்லாத இடத்தில் அவர் எந்தச் சேட்டையும் சேர்க்காமல் கடிதத்தை மட்டும் நம்பினார். லண்டன் நாடகங்களுக்கான ஒலிவியே விருது, நியூயார்க்கில் டோனி இரண்டும் கிடைத்தன. அதைப் பார்த்த ரசிகர்கள் நிஜமான ஹெஸ்டர் யார் என்று தேடத் தொடங்கி, பெயரின் எழுத்துக்கூட்டல் முதல் அவருடைய வேலை விவரம் வரை கண்டுபிடித்தார்கள். ஒரு நடிப்பு ஒரு மறந்துபோன மனிதரைத் தேடிப் போக வைத்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருக்கிறது.

கடைசியாக, ஏற்கெனவே புகழ்பெற்ற வேடத்தை இரண்டாவதாகவோ பத்தாவதாகவோ எடுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு விஷயம். 'ஜிப்ஸி' மியூசிக்கலின் ரோஸ் நிஜமாக வாழ்ந்த தாய்தான். மகள் ஜிப்ஸி ரோஸ் லீ எழுதிய நினைவுக் குறிப்புகளிலிருந்து வந்த பாத்திரம். ஆனால் 1959இல் எதல் மெர்மன் நடித்ததிலிருந்து ஆஞ்சலா லான்ஸ்பெரி, பேட்டி லுபோன், இமெல்டா ஸ்டான்டன், ஆட்ரா மெக்டொனால்ட் என்று இத்தனை பேர் நடித்தாகிவிட்டது. இன்று அந்த வேடத்துக்குப் போகிற நடிகைமேல் நிஜ ரோஸின் நிழலைவிட முந்தைய நடிகைகளின் நிழல்தான் அதிகமாக விழும். முந்தைய நடிகர்கள் பாடிப் பதிவான காஸ்ட் ரெக்கார்டிங்கை முதலில் கேட்டுவிட்டால், ஒரு வரியை எங்கே இழுப்பது, எங்கே நிறுத்துவது என்பது காதில் ஒட்டிக்கொள்ளும், பிறகு அதைக் கழற்றுவது பெரும்பாடு. அதனால் வரிசை முக்கியம். முதலில் ஸ்க்ரிப்ட், அடுத்து இசைக்குறிப்பைப் பியானோவோடு மட்டும், அதற்கப்புறம் நிஜ மனிதரைப் பற்றிய கடிதம், படம், ஒலிப்பதிவு. மற்ற நடிகர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதை, கேட்டே ஆக வேண்டுமென்றால், உங்கள் மேடையேற்றம் முடிந்த பிறகு கேளுங்கள்.